தம்புச் செட்டித் தெரு மாடிகள்

அப்போதெல்லாம் சென்னை உயர்நீதிமன்றம் கலைந்த பிறகுதான் தம்புச் செட்டித் தெருவுக்கு உயிர் வரும். கறுப்புக் கோட்டுகள் என்.எஸ்.சி. போஸ் சாலையைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்குள் புகும். காளிகாம்பாள் கோயில் சாயரட்சைக்குள் மாடிக்கு மாடி விளக்கு எரியும். செங்குத்தான படி, ஏறினால் கூரை வரை எம்.எல்.ஜே. (மெட்ராஸ் லா ஜர்னல்) தொகுதிகள், ஓயாத டைப்ரைட்டர், கட்சிக்காரர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. எண்பதுகளில் நான் ஜூனியராக உட்கார்ந்திருந்த ஆபீசும் அப்படித்தான் இருந்தது.

வருகிறவர், தம்பி செய்த துரோகத்தில்தான் பேச்சை ஆரம்பிப்பார். சீனியர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்பார். பிறகு ஒரே கேள்வி: "அது என்னிக்கு நடந்துச்சு?" கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்லும் வழக்குக்கு 3 வருஷம், உரிமையைக் காட்டிச் சுவாதீனம் கேட்டால் 12 வருஷம் என்று 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் கெடு வைத்திருக்கிறது. அரசாங்கத்தின் மேல் வழக்கு என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். அதனால் பிராது எழுதும் முன் தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதச் சொல்வார். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சமாதானமாப் போயிடுங்க" என்று அவர் அனுப்பி வைத்தவர்களும் உண்டு. வந்த வழக்கைத் திருப்பி அனுப்பத் தெரிவதும் இந்தத் தொழிலில் சேர்ந்ததுதான்.

ஆனால் கையைப் பிடித்துத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் குமாஸ்தா அண்ணன். கோணி ஊசியில் நூல் கோத்துக் கட்டுகளைத் தைத்துக்கொண்டே பேசுவார். எந்த செக்‌ஷனில் எதற்கு ரிட்டர்ன் போடுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்: பக்க எண் விட்டுப்போயிருக்கும், கோர்ட் கட்டணம் குறைந்திருக்கும், வக்காலத்தில் ஒரு கையெழுத்து இருக்காது. அவர் பார்த்து அனுப்பிய கட்டு பெரும்பாலும் முதல் தடவையே நம்பர் ஆகிவிடும்.

செக்குபந்தியை, அதாவது நான்கு மால் என்கிற நாற்புற எல்லைகளை எழுதும் முறையை, அவரிடம்தான் படித்தேன். சொத்து விவரத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். "தெருவுக்கு வடக்கு" என்று பத்திரத்தில் இருந்தால், மனை தெருவின் வடபக்கம் இருக்கிறது. தெருதான் அதற்குத் தென் எல்லை. அதையே "வடக்கில் தெரு" என்று டைப் அடித்துவிட்டால் மனை எதிர்ப்பக்கம் போய்விடும், டிகிரியும் அடுத்தவன் இடத்துக்கு ஆகிவிடும். அளவுக்கும் எல்லைக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லைதான் நிற்கும் என்பது கோர்ட்டுகள் வெகுகாலமாகச் சொல்லிவரும் விதி. அண்ணன் தாய்ப்பத்திரத்தை ஒரு கையிலும் பிராதை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, நான்கு மாலையும் விரல் வைத்து ஒத்துப் பார்ப்பார். அதற்கு முன் சீனியர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

தீர்ப்பு நகலில் இரு தரப்பு வக்கீல்கள் பெயரும் அச்சாகும். குமாஸ்தாவின் பெயர் எங்கும் வராது. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது தாக்கல் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் நடக்கிறது. ஊசியும் நூலும் முன்போலத் தேவையில்லை. இருக்கட்டும். புதிதாக இந்தத் தெருவுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: பழைய பிராதிலிருந்து சொத்து விவரத்தை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். மூலப் பத்திரத்தைக் கையில் வாங்கி, நான்கு மாலையும் வாய்விட்டு வாசியுங்கள். முடிந்தால் ஒரு நடை போய் அந்த மனையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.