16 டொலர் தோடம்பழச் சாறு

2012ஆம் ஆண்டு ஏப்ரலில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 10 டொலர் 25 சதம். எங்கள் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர்களுக்கும் ஏறக்குறைய அதுதான் சம்பளம். அந்த மாதம் இடைவேளையில் எல்லோர் வாயிலும் ஒரே கதை. மந்திரி ஒருவர் லண்டனில் 16 டொலருக்கு ஒரு கிளாஸ் தோடம்பழச் சாறு குடித்து, அதை அரசாங்கக் கணக்கில் எழுதியிருக்கிறார். கயானாக்காரர், பிலிப்பீன்ஸ் பெண்கள், தமிழர்களாகிய நாங்கள் எல்லோரும் மனதுக்குள் ஒரே கணக்கைத்தான் போட்டோம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நின்று உழைத்தால் ஒரு கிளாஸ்.

மந்திரியின் பெயர் பெவ் ஓடா. ஏழை நாடுகளுக்குக் கனடா கொடுக்கும் உதவிகளுக்குப் பொறுப்பானவர். 2011இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போனார். ஏழைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்வதுதான் மாநாட்டின் நோக்கம். மாநாடு நடந்த ஹோட்டலிலேயே அவருக்கு அறை போட்டிருந்தார்கள். அது வேண்டாமென்று சவோய் ஹோட்டலுக்கு மாறினார். இரவுக்கு 665 டொலர். போய்வரச் சொகுசுக் கார் தனி. கனேடியன் பிரஸ் செய்தி நிறுவனம் ஆவணங்களைக் கேட்டு வாங்கி வெளியிட்டதும், கூடுதல் செலவைத் திருப்பிக் கட்டிப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். யூலையில் பதவி விலகுவதாக அறிவித்தார். அவர்மேல் வேறு பெரிய குற்றச்சாட்டுகளும் இருந்தன. சனத்தின் மனதில் நின்றது அந்தச் சாறுதான்.

இதற்கு மூன்று வருடம் முன்பு ஒன்ராறியோவிலும் இப்படி ஒன்று நடந்தது. நோயாளர் விபரங்களைக் கணினிக்குக் கொண்டுவர ஈ-ஹெல்த் என்ற நிறுவனத்தை மாகாண அரசு நடத்தியது. அதற்கு ஆலோசனை சொல்ல வந்தவர்களில் நாளொன்றுக்கு 2,700 டொலர் வாங்கியவரும் இருந்தார். அப்படிச் சம்பாதித்தவர், குடித்த ஒரு தேத்தண்ணிக்கு 1 டொலர் 65 சதத்தையும் தனியாக எழுதி எடுத்திருந்தார். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வந்தபோது, இந்த முயற்சியில் 100 கோடி டொலர் போய், அதற்கேற்ற பலன் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. சுகாதார அமைச்சர் பதவி விலகினார். பொது நிறுவனங்களில் மேலிடத்தில் உள்ளவர்களின் செலவுகளை ஆராயவும் வெளியிடவும் அதே 2009இல் மாகாணத்தில் சட்டம் வந்தது.

100 கோடி என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு எண் மட்டும். தேத்தண்ணியின் விலை தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் சனம் பெரிய கணக்குக்குள் நுழைந்தது. சின்னத் தொகையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று, அரசாங்கச் செலவைக் கேள்வி கேட்கும் இயக்கங்களைக் குறைசொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. நாளுக்கு 2,700 டொலர் வாங்குகிறவரின் மனநிலை, அந்தத் தேத்தண்ணிச் சீட்டில் தெரிந்த அளவுக்கு எந்த அறிக்கையிலும் தெரிந்ததில்லை.

இப்படியான கணக்குகளைக் கேட்கும் வழி மிக எளிது என்பதை எங்கள் ஆட்களில் பலர் அறியவில்லை. 1983 முதல் நடைமுறையில் உள்ள தகவல் பெறும் சட்டத்தின்படி, 5 டொலர் கட்டி ஒரு மனு எழுதினால் மத்திய அரசின் திணைக்களம் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். தவணை நீட்டுவார்கள், இழுத்தடிப்பார்கள், அது வேறு கதை. முக்கியமானது, கேட்பதற்குக் குடியுரிமை தேவையில்லை. கனடா மண்ணில் இருந்தால் போதும். அகதி வழக்கு முடியாமல் காத்திருக்கிறவர்கூட, மந்திரி எங்கே தங்கினார், எவ்வளவு செலவானது என்று கேட்கலாம். இலங்கையில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்தவற்றுள் வைத்தியம், பள்ளிக்கூடத்துக்கு அடுத்தபடியாக இந்தக் கேட்கும் உரிமையைத்தான் சொல்வேன்.

இங்கே இப்படிக் கணக்குக் கேட்கும் வேலையை விடாமல் செய்கிறவர்களில் கனேடிய வரி செலுத்துவோர் சம்மேளனம் ஒன்று. 1990இல் மேற்கு மாகாணங்களில் தொடங்கியது. வருடந்தோறும் ஒட்டாவாவில் ஒரு விருது விழா வைப்பார்கள். கறுப்புக் கோட் சூட்டில் ஒருவர் உறையைப் பிரித்துப் பெயர் வாசிக்க, பக்கத்தில் இளஞ்சிவப்புப் பன்றி வேடத்தில் இன்னொருவர் நிற்பார். பரிசு, தங்கநிறப் பன்றிச் சிலை. டெட் வெதரில் என்ற உயர் அதிகாரியின் பெயரில் இதை 'டெடி' விருது என்கிறார்கள். பாரிஸில் இரண்டு பேருக்கு 700 டொலருக்கு மேல் மதியச் சாப்பாடு வாங்கியது உட்பட்ட செலவுகளுக்காக அவர் பதவி நீக்கப்பட்டார்.

அவர்களுடைய எல்லாக் கோரிக்கையோடும் எனக்கு உடன்பாடில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் சிலர் கையிலேயே இருக்கும் அமைப்பு அது என்ற விமர்சனம் நியாயமானது. கலைஞர்களுக்குப் போகும் சின்ன மானியங்களையும் மந்திரியின் சவோய் அறையையும் ஒரே மேடையில் வைத்துக் கேலி செய்கிறார்கள். என் பிள்ளைகள் படித்து வளர்ந்தது ஸ்காபரோ பொது நூலகத்தில். அது பொதுப்பணம். அந்தப் பணம் நூலகத்துக்கும் பஸ்ஸுக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் ஹோட்டல் சீட்டைக் கேட்க வேண்டும் என்கிறேன். வரியே வேண்டாம் என்கிறவர்களிடம் மட்டும் இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

இந்தக் கேள்வி எங்களுக்குள்ளும் தேவை என்பதற்கு எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொருளாளர் கணக்கறிக்கை வாசித்து முடித்தார். வழக்கம்போலக் கை தட்டப் போனார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை ஒன்று எழும்பி, "கலைவிழாச் சாப்பாட்டுக்கு எழுதியிருக்கிற காசுக்குப் பில் இருக்கோ அங்கிள்?" என்று கேட்டாள். மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. "ஏன் பிள்ளை, என்னில நம்பிக்கை இல்லையோ?" என்றார் அவர். "நம்பிக்கை இருக்கு. கணக்கைப் பாக்கத்தானே கூட்டம் வைக்கிறீங்கள்." முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பொருளாளர் ஃபைலைத் திறந்தார். பில்லெல்லாம் திகதிவாரியாகத் துளையிட்டுக் கோர்க்கப்பட்டிருந்தது. வருடக்கணக்காக இப்படி ஒழுங்காக வைத்திருந்தும், ஒருவரும் பார்க்கக் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார். அவர் குரலில் இருந்தது மனத்தாங்கல். கேட்டதனால் வந்ததல்ல, இவ்வளவு காலமும் கேட்காததனால் வந்தது.

ஊரிலும் காலம் மாறிக்கொண்டிருக்கிறது. இலங்கையில் 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2022 யூலையில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல்குளத்தையும் படுக்கையறையையும் தன் கண்ணால் பார்த்தது. முன்னாள் ஜனாதிபதிகளுக்கு அரச வீடும் சலுகைகளும் கொடுத்துவந்த 1986ஆம் ஆண்டுச் சட்டம் 2025 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற சனத்தின் கோபம் இல்லாமல் அந்தச் சட்டம் போயிருக்காது.

கனடாவில் வேலை முடிந்துவிட்டதென்று நான் சொல்ல மாட்டேன். 2022இல் எலிசபெத் மகாராணியின் இறுதிச் சடங்குக்கு லண்டன் போன கனேடியக் குழுவில், ஓர் அறைக்கு மட்டும் இரவுக்கு 6,000 டொலருக்கு மேல் செலவானது. ஆவணம் வெளியே வந்தபோது அதில் யார் தங்கினார் என்பது மறைக்கப்பட்டிருந்தது. அந்த வாரம் லண்டனில் அறை கிடைப்பதே கடினம் என்றார்கள். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பெயரை மறைத்ததை ஏற்கவில்லை. எதிர்க்கட்சியும் வரி செலுத்துவோர் சம்மேளனமும் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான், தங்கியவர் அப்போதைய பிரதமர் ட்ரூடோ என்று அவருடைய அலுவலகம் ஒப்புக்கொண்டது.

அதே ட்ரூடோவின் கட்சி, பிரதமர் அலுவலகத்தையும் மந்திரிகளின் அலுவலகங்களையும் தகவல் சட்டத்துக்குள் கொண்டுவருவோம் என்று 2015 தேர்தலில் வாக்குக் கொடுத்தது. 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது, அந்த அலுவலகங்கள் சில விபரங்களைத் தாங்களாக வெளியிட்டால் போதும் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் 5 டொலர் மனு இன்னமும் அந்தக் கதவுக்குள் போகாது. அடுத்த தேர்தலுக்குத் தமிழில் நோட்டீஸ் அடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருகிறவர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்தக் கதவை எப்போது திறப்பீர்கள் என்பதற்குப் பதிலோடு வர வேண்டும்.