விக்ராந்த் என்னும் இரும்பு

செம்பூரிலிருந்து கோட்டைப் பக்கம் வேலைக்குச் செல்லும் நம்மவர்கள் நாள்தோறும் ரே ரோடு நிலையத்தைக் கடக்கின்றனர். அங்கு இறங்கிக் கடலை நோக்கி நடந்தால் தாருகானா வரும். பெயரைக் கேட்டதும் மதுக்கடையோ என ஐயுற வேண்டா. 'தாரு' என்பதற்கு மராத்தியில் வெடிமருந்து என்றும் பொருளுண்டு. முன்னாளில் வெடிமருந்துக் கிடங்கு இருந்த இடமே பின்னர்க் கப்பல் உடைக்கும் துறையாயிற்று.

இந்தியக் கடற்படையின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் தன் முடிவை எய்தியதும் இங்கேதான். பிரிட்டனில் 1945-ல் நீரில் இறக்கப்பெற்று, போர் முடிந்தமையால் அரைகுறையாக நின்ற கப்பலை 1957-ல் நம் நாடு விலைக்கு வாங்கியது. 1961 மார்ச் 4 அன்று அது கடற்படையில் சேர்ந்தது. 1971-ஆம் ஆண்டுப் போரில், கொதிகலனில் விரிசலிருந்தும், வங்கக் கடலில் நின்று காக்ஸ் பஜார், சிட்டகாங் ஆகிய இடங்களைத் தாக்க விமானங்களை அனுப்பியது.

1997-ல் ஓய்வு பெற்றபின் அது பம்பாயில் மிதக்கும் காட்சிசாலையாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஏறி அதன் மேல்தளத்தைச் சுற்றிப் பார்த்தனர். ஆனால் பழுதுபார்க்கும் செலவு மலையாய் வளர்ந்தது. பாதுகாப்புக் குறைவு கருதி 2012-ல் கதவு அடைக்கப்பட்டது. காக்க வேண்டுமென்று வழக்காடியோர் நீதிமன்றத்தில் வெல்லவில்லை. சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போன கப்பலை 2014 நவம்பரில் உடைக்கத் தொடங்கினர்.

கப்பல் உடைப்பது எளிய தொழிலன்று. வாயுச் சுடரால் தகடு தகடாக அறுக்க வேண்டும். அறுக்கும்போது எண்ணெய்க் கசடு தீப்பற்றலாம். பழங்கப்பல்களிலுள்ள கல்நார்த் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அறுத்த தகடுகளிற் பெரும்பகுதி உருக்காலைக்கும் உருட்டாலைக்கும் போய்க் கட்டடக் கம்பியாகி, ஊர் பேரின்றிக் கலந்துவிடும். விக்ராந்தின் உலோகத்திற் சிறிதை ஒரு மோட்டார் சைக்கிள் நிறுவனமும் வாங்கிப் பயன்படுத்தியது.

இன்னொரு சிறு பகுதிக்கு வேறு பேறு வாய்த்தது. பழைய உலோகத் துண்டுகளால் சிற்பம் சமைப்பதில் பெயர் பெற்ற பம்பாய்ச் சிற்பி அர்ஜான் கம்பாட்டா, அவ்வுலோகத்தைக் கொண்டு ஒரு நினைவுச் சின்னம் ஆக்கினார். கடற்படைத் தளத்தின் லயன் கேட் வாயிலருகே, சாலையோரத்தில், 2016 ஜனவரி 25 அன்று அது திறக்கப்பட்டது. சுவாமிமலை ஸ்தபதி மெழுகுருவைச் சுற்றிக் களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகம் வார்க்கிறார். உலோகம் முன்பு என்னவாயிருந்தது என்று எவரும் வினவுவதில்லை. இங்கோ, முன்பு என்னவாயிருந்தது என்பதே சிற்பத்தின் உயிர்.

ரயில்வே ரசீதில் இரும்பை எடைக்கணக்கில் மட்டுமே எழுதிப் பழகிய நமக்கு, எடைக்குள் அடங்காத இரும்பும் உண்டென்பதை அச்சின்னம் உணர்த்துகிறது. எனினும் மனம் முழு நிறைவு கொள்ளவில்லை. ஏறத்தாழ 700 அடி நீளக் கப்பலில் ஏறி நடந்த குழந்தைக்குக் கிட்டிய வியப்பை, சாலையோரச் சின்னம் தருமா? அதை அறுத்த தொழிலாளியின் பெயரைத்தான் யார் அறிவார்?

2022-ல் கொச்சியில் அதே பெயருடன் புதிய கப்பல் கடற்படையிற் சேர்ந்தது. பெயர் திரும்பி வந்தது, பொருள் வரவில்லை. ஊரிலிருந்து பாட்டி கொடுத்தனுப்பிய வெண்கலப் பானையை இடமில்லையென்று எடைக்குப் போடும் தாராவி, மாதுங்கா இல்லத்தார் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். விற்றபின் நினைவுச் சின்னம் தேடுவதைவிட, இருக்கும்போதே துலக்கி வைப்பது எளிது.