தேயிலை வேருக்கடியில்

கேடயவால் பாம்பின் வயிற்றுச் செதில்களை எண்ணும்போது எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் சிக்கல். நாகத்துக்கும் சாரைக்கும் வயிற்றுச் செதில் உடம்பின் அகலத்துக்குப் பட்டையாக இருக்கும், தடுமாற்றமே வராது. கேடயவாலுக்கு அது பக்கத்துச் செதிலைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். தொண்டைப் பக்கம் போகப்போக அந்த வித்தியாசமும் மங்கிவிடும். டேவிட் கோவரும் ஜொனதன் ஏபிளெட்டும் 2006இல் இந்த எண்ணிக்கைக்காகவே ஒரு கட்டுரை எழுதினார்கள். நடுக்கோட்டில் நீளத்தைவிட அகலம் கூடிய முதல் செதிலை ஒன்று என்று வைக்க வேண்டும். குதத்தை மூடும் செதிலைச் சேர்க்கக் கூடாது. இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவர் முன்னாலும் மற்றவர் பின்னாலும் எண்ணத் தொடங்கினால் ஒரே பாம்பு இரண்டு இனமாகிவிடும், இரண்டு இனம் ஒன்றாகிவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் எண்ணிக்கை வேறு: பெண்ணுக்கு வயிற்றுச் செதில் கூட, ஆணுக்கு வால் நீளம். அதை மறந்து ஒரு மலையின் ஆணையும் அடுத்த மலையின் பெண்ணையும் ஒப்பிட்டால் இல்லாத இனம் ஒன்று பிறந்துவிடும்.

இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் நான் தேடுவது பெரும்பாலும் இந்தப் பாம்பைத்தான். தவளையைச் சத்தம் காட்டிக் கொடுக்கும். ஓணான் கண்ணில் படும். கேடயவால் மண்ணுக்குள் பிறந்து மண்ணுக்குள் சாகிற உயிர். விஷம் இல்லை, கடிக்கவும் வராது. மண்புழுதான் சாப்பாடு. முட்டையிடாமல் குட்டி போடும். கையில் எடுத்தால் விரலிடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பலம். வெயிலில் பிடித்தால் கறுப்புத் தோலில் நீலமும் ஊதாவும் ஓடும். தலை கூர்மையாக இருக்கும். கண் ஒரே ஒரு செதிலுக்குள் அடங்கியிருக்கும். வாலோ வெட்டி விட்டதுபோல மொட்டையாக, முள்முள்ளாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில் மண் அப்பிக்கொண்டு பின்பக்கத்து வளையை அடைத்துவிடும். கார்ல் கான்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1978இல் இதன் தசையை ஆராய்ந்து எழுதினார்கள். முன்னுடம்பின் தசை மட்டும் செக்கச்செவேலென்று, களைக்காமல் உழைப்பதற்கு ஏற்றதாக இருக்கிறது. பின்னுடம்பு இழுபட்டு வருகிறது. சரக்கு ரயில் என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். தெமோதரை வளைவில் எஞ்சின் பெட்டிகளை இழுத்து ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இந்தப் பாம்பு எங்கே இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தது பெரும்பாலும் புத்தகமல்ல. பசறைப் பக்கத்து லயம் ஒன்றின் பின்னால், மரக்கறிப் பாத்தி கொத்திக்கொண்டிருந்த ஒரு அக்கா மண்வெட்டி நுனியில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, இது ரெட்டத்தலை. ஆறு மாசம் இந்தப் பக்கம் போகும், ஆறு மாசம் அந்தப் பக்கம் போகும்."

"அக்கா, இது வாலு. தொட்டுப் பாருங்க, சொரசொரன்னு இருக்கும். தலை இந்தா, வழவழன்னு."

தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினார். மாட்டெருக் குழியோரம் எப்போதும் இருக்கும். ஐப்பசி மழை விழுந்து மண் இளகினால் கான் வெட்டும்போது அடிக்கடி வரும். கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில் எவ்வளவு கொத்தினாலும் பார்க்க ஏலாது. ஒரு களஆய்வாளர் பல பருவம் அலைந்து குறித்துக்கொள்ள வேண்டியதை அவர் நின்ற நிலையில் சொல்லி முடித்தார். எந்த மலையில் எந்த நிறத்தில் வரும் என்பதும் தோட்டத்து மக்களுக்குத் தெரியும். "மடுல்சீமையில நான் பார்த்தது வேற மாதிரி" என்று ஒருவர் சொன்னால் அதை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். புதிய இனம் பற்றிய சந்தேகம் பல தடவை அப்படித்தான் முளைக்கிறது.

ஊவாவின் கேடயவால்களில் ஒன்று ரைனோபிஸ் டிரமண்ட்ஹேயி. நமுனுகுல மலைப் பக்கத்திலிருந்து கிடைத்ததை வைத்து 1921இல் பிராங்க் வால் பெயரிட்டார். வால் இராணுவ மருத்துவர், பிறந்தது நுவரெலியாவில். இலங்கைப் பாம்புகளைப் பற்றிய அவருடைய பெரிய நூலும் அதே ஆண்டில்தான் வந்தது. பாம்புக்கு அவர் இட்ட பெயர் டிரமண்ட் ஹே என்ற தேயிலைத் துரையுடையது. துரை பாம்பில் அக்கறையுள்ளவர். அந்தப் பெயர் அவருக்குத் தகும். ஆனால் தோட்டத்து மண்ணை வெட்டிப் புரட்டியவர்கள் யார் என்பது ஊவாவில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கைகளின் பெயர் எந்தப் பாம்புக்கும் கிடைக்கவில்லை. 1817–18 ஊவா வெல்லஸ்ஸ எழுச்சியில் நின்றவர்களின் பெயரை அண்மையில் சில பகல்பல்லிகளுக்கு இட்டிருக்கிறார்கள். நிமாஸ்பிஸ் கொஹுகும்புராய் அதில் ஒன்று. பெயர் வைக்கிற இடத்தில் இந்த மண்ணின் சரித்திரமும் வர முடியும் என்பதற்கு அது சாட்சி. லயத்துச் சரித்திரமும் வர வேண்டும்.

டிரமண்ட்ஹேயிக்குப் பிறகு தொண்ணூறு ஆண்டு கழித்து, 2011இல், கோவரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலன மதுவகேயும் சேர்ந்து இரண்டு புதிய கேடயவால்களை விவரித்தார்கள். அதில் ஒன்று பதுளை மாவட்டத்துப் பிபிலேகமவிலிருந்து வந்தது. உடம்பில் நெளிந்து ஓடும் கோலத்தால் அதற்கு ரைனோபிஸ் சிக்சாக் என்று பெயர். ஆள் நடமாட்டமில்லாத மழைக்காட்டில் ஒளிந்திருந்த உயிரல்ல அது. வீடும் பாதையும் தோட்டமும் உள்ள நாட்டுப்புறத்தில், பெயரில்லாமலே இருந்திருக்கிறது.

புதிய இனம் என்று ஒன்றைக் களத்தில் நின்று சொல்லிவிட முடியாது. களத்தில் கிடைப்பது சந்தேகம் மட்டுமே. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு எடுத்த மாதிரியை முதலில் உயிரோடு படம் பிடிக்க வேண்டும். மதுசாரத்தில் போட்டதும் மஞ்சளும் சிவப்பும் வெளுத்துப் போகும். ஈரலில் சிறு துண்டைத் தனியாக மதுசாரத்தில் எடுத்துவைக்க வேண்டும், போமலின் பட்டால் மரபணு கெட்டுவிடும் என்பதால். பிறகு போமலின், பிறகு எழுபது சதவீத மதுசாரம். இந்த வேலையில் ஓர் உயிரைக் கொல்ல வேண்டியிருக்கிறது. அது எனக்குப் பழகவில்லை, பழகவும் கூடாது. ஆனால் பெயர் ஒன்று நிலைக்க வேண்டுமானால், நாளை வேறொருவர் வந்து என் எண்ணிக்கையைச் சரிபார்க்க ஓர் உடல் அருங்காட்சியகத்தில் இருந்தாக வேண்டும். இனத்தின் பெயர் தொங்குவது அந்த ஒரே உடலில்தான், மூலமாதிரி என்கிறோம். வேறு எத்தனை பாம்பு கிடைத்தாலும் பெயர் அதோடுதான் ஒட்டியிருக்கும்.

அதன் பிறகுதான் பெரிய வேலை. இதற்கு முன் பெயரிடப்பட்ட ஒவ்வொன்றோடும் இதை ஒப்பிட வேண்டும். இயற்கையியலாளர் கெலார்ட் 1850களில் விவரித்தவற்றின் மூலமாதிரிகள் எங்கே என்று தேட வேண்டும். கொழும்பிலும் லண்டனிலும் உள்ள போத்தல்களைத் திறந்து பார்க்க வேண்டும். போத்தலுக்குள் நூலில் கட்டியிருக்கும் அட்டைதான் உயிர்நாடி. "சிலோன்" என்று மட்டும் எழுதிய அட்டையோடு கிடக்கும் பாம்பு எந்த மலையுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ரைனோபிஸ் பிலிப்பினஸ் இலங்கையில் மட்டுமே வாழ்கிறது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது என்ற தவறான தகவலால் 1829இல் வந்த பெயர் அது. பெயரிடல் விதிப்படி அதை மாற்ற முடியாது. ஓர் அட்டையில் சோம்பல்பட்டால் அது இருநூறு ஆண்டு நிற்கும்.

பழைய போத்தல்கள் இன்னொன்றும் சொல்கின்றன. ரொஹான் பெத்தியாகொட, கெலும் மனமேந்திர ஆராச்சி, மாதவ மீகஸ்கும்புர ஆகிய ஆய்வாளர்கள் இலங்கையின் புதர்த்தவளைகளைத் தேடிப் போன பிறகு, 2002இல் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருப்பதாகத் தெரியவந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதே வேலையில் இன்னொரு கணக்கும் வந்தது: அருங்காட்சியகப் போத்தலில் மட்டும் உள்ள, காட்டில் எங்கு தேடியும் கிடைக்காத தவளை இனங்கள் பதினைந்துக்கும் மேல். காடு கோப்பிக்கும் தேயிலைக்கும் விழுந்தபோது அவை பெயர் பெற்றும் பெறாமலும் போயின. கெலார்ட் 1853இல் நுவரெலியாவிலிருந்து விவரித்த சூடோபிலாட்டஸ் ஸ்டெல்லாட்டஸ் சிவனொளிபாத மலைக்காட்டில் மறுபடி கிடைத்த செய்தி 2013இல் வெளிவந்தது. நூற்றறுபது ஆண்டு. அந்தச் செய்தி வந்தபோது அடைந்த மகிழ்ச்சியை என்னால் இப்போதும் மறைக்க முடியாது. கெலார்டின் விவரணை ஒழுங்காக இருந்ததால்தான் இது அதுதான் என்று சொல்ல முடிந்தது.

கேடயவாலுக்குத் தவளையைவிட ஒரு வாய்ப்பு அதிகம். மண் இளகி, எருவும் புழுவும் இருந்தால் தேயிலைக்கடியிலும் அது தாக்குப்பிடிக்கும். ஆனால் பல இனங்கள் ஒன்றிரண்டு மலைகளுக்குள் அடங்கியவை. கான் ஓரங்கள் இறுகி, களைநாசினி தெளித்துப் புழு செத்துப்போன மலையில் அது இருக்காது. நமுனுகுலவில் இருப்பதும் மடுல்சீமையில் இருப்பதும் ஒன்றா இரண்டா என்று தெரிந்தால்தான் எதைக் காப்பாற்றச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் போய் நிற்பது என்பது தெரியும்.

எனவே தோட்டத்தில் இருக்கிற தம்பி தங்கச்சிகளிடம் கேட்பது இதுதான். மண் கொத்தும்போது ஒன்று கிடைத்தால் பிடித்து வைக்க வேண்டாம். அனுமதியின்றி வைத்திருப்பது சட்டத்துக்கும் புறம்பு. போனில் படம் எடுங்கள்: தலையைப் பக்கவாட்டில் ஒன்று, வால் நுனியை மேலிருந்து ஒன்று, வயிறு தெரிய ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயமோ தீக்குச்சியோ வைத்து. தோட்டம், டிவிஷன், எந்த நம்பர் மலை, அன்று மழையா வெயிலா, யார் கண்டது என்று எழுதி வையுங்கள். "யார் கண்டது" என்பதை விடவே வேண்டாம். பிறகு வெயில் படாத ஈர மண்ணில் விட்டால் அதுவே இறங்கிக்கொள்ளும்.