மின்னோட்டம் நின்ற இடம்

நுழையும்முன்

பல்லாயிரம் பொருள்கள் நாள்தோறும் உருவாகும் தொழில்வட்டாரம் ஒன்றில், ஒரு வீட்டு ஓவனின் சுவிட்ச் பழுதாகிறது. அந்த ஓவனைத் தூக்கி எறிவதா, சீராக்குவதா? முடிவெடுக்கும் முன் பழுது எங்கே இருக்கிறது என்பதை அறிய வேண்டும். அதை அறியும் முறையைக் கூறுகிறது இக்கட்டுரை.

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களைக் கடக்கின்றனர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். இராமானுசர் தோன்றிய ஊர் என்று நெடுங்காலம் அறியப்பட்ட இப்பகுதி, கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் ஆலைகளின் நிலமாகவும் மாறிவிட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்துகள் வெளிவந்தன. 2006இல் நோக்கியா கைப்பேசிகளும் 2010இல் ஒரகடத்து ரெனோ-நிசான் மகிழுந்துகளும் அவற்றைத் தொடர்ந்தன. குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி முதலிய வீட்டுப் பொருள்களும் இவ்வட்டாரத்தில் உருவாகின்றன.

இவ்வாலைகளில் பொருள் நகரும், ஆள் நகர்வதில்லை. நகரும் பட்டையின் ஓரத்தில் நிற்பவர் தமக்கு வகுக்கப்பட்ட ஒரு செயலைச் சில நொடிகளில் முடிக்கிறார். பொருள் அடுத்தவரிடம் போய்விடுகிறது. ஒரு குண்டூசியைச் செய்யும் தொழிலே ஏறத்தாழ 18 செயல்களாகப் பிரிந்து கிடப்பதை 1776இல் ஆடம் சுமித் வியந்து எழுதினார். அவ்வாறு பிரித்ததனாலேயே பொருள்கள் எளியோரின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன என்பதை மறுக்க இயலாது. எனினும், கதவின் திருகை ஆயிரம் முறை முடுக்கிய ஒருவருக்கு, அக்கதவின் பின்னே மின்னோட்டம் எவ்வழியே செல்கிறது என்று அறிய வேண்டிய தேவையே நேர்வதில்லை. 2014 நவம்பரில் நோக்கியா ஆலையின் உற்பத்தி நின்றது. அதனோடு அங்கிருந்த பணியிடங்களும் நின்றன. ஒற்றைச் செயலில் பெற்ற விரைவை ஆலைக்கு வெளியே எடுத்துச்செல்வது எவருக்கும் எளிதன்று.

பழுதுநீக்குபவரின் கல்வி இதற்கு நேர்மாறானது. அவர் முழுப்பொருளையும் அறிந்தாக வேண்டும். 1893இல் கோவை மாவட்டத்துக் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பூட்டியே தம் இயந்திரக் கல்வியைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவரை அறிவியல் மேதை என்று தமிழகம் போற்றுகிறது. பழுதானதைப் பிரித்துப் பார்ப்பவரையோ ‘ரிப்பேர்காரர்’ என்ற ஒரு சொல்லால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இந்த முரண் எண்ணிப் பார்க்கத் தக்கது.

மூன்று திருகுகள்

ஒரகடத்தில் வாடகை வீட்டில் வாழும் ஒரு பெண், ஆலைப்பணி போக எஞ்சிய நேரத்தில் கேக் செய்து விற்கிறார் எனக் கொள்வோம். அவரது ஓவன் 1500 வாட் திறனுடையது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக 750 வாட் சூடேற்றும் கம்பிகள் இரண்டு அதில் உள்ளன. ஒருநாள் கேக்கின் மேற்புறம் கருகியது. அடிப்புறம் மாவாகவே கிடந்தது. மறுநாளைக்கு நான்கு கேக்குகள் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஓவன் போனால் வாக்கும் போகும். புதிய ஓவன் வாங்கினால் பல மாதச் சேமிப்பு போகும்.

ஓவனின் முகப்பில் மூன்று திருகுகள் இருக்கும். சொடுக்கி என்பர் கலைச்சொல் அறிஞர்; கடைத்தெரு அதனைச் சுவிட்ச் என்றே அறியும். அம்மூன்று திருகுகளும் மூன்று சுவிட்சுகளே. வெப்பநிலைத் திருகின் பின்னே இருப்பது தெர்மோஸ்டாட். அதனுள் சூட்டுக்கு வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டையைப் பல ஓவன்களில் காணலாம். கப்பலில் செல்லும் கடிகாரம் தட்பவெப்பத்தால் நேரம் தவறலாகாது என்பதற்காக, 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் என்னும் ஆங்கிலேயர் ஆக்கிய பட்டை அது. கடலில் பிறந்தது இன்று சமையலறையில் வளைந்து நிமிர்கிறது. இரண்டாம் திருகு, எந்தக் கம்பி சூடாக வேண்டும் என்று தெரிவு செய்யும் செலக்டர். மூன்றாவது டைமர்.

டைமரும் ஒரு சுவிட்ச் என்பதைப் பலர் மறந்துவிடுவர். சுழியத்தில் அது நிற்கும்வரை ஓவனுக்குள் மின்சாரம் செல்லாது. ஆதலால் அனுபவம் வாய்ந்த பழுதுநீக்குபவர், “ஓவன் செத்துப்போச்சுண்ணே” என்று யார் வந்தாலும், “டைமரைத் திருப்பிப் பாத்தீங்களாம்மா?” என்றுதான் முதலில் கேட்பார். பழுதே இல்லாத ஓவன்கள் பல அந்த ஒரு கேள்வியிலேயே பிழைத்துக்கொள்ளும்.

வினாவும் விடையும்

இப்பெண்ணின் ஓவனில் மேற்கம்பி சூடாகிறது. அதுவே ஒரு சாட்சி. சுவர்ப்பிளக்கிலும் கம்பிவடத்திலும் டைமரிலும் தெர்மோஸ்டாட்டிலும் மின்னோட்டம் தடையின்றிச் செல்கிறது என்பதை அது கூறிவிட்டது. எனவே ஐயத்திற்குரியவை இரண்டே: கீழ்க்கம்பி அல்லது அதற்கு மின்சாரம் அனுப்பும் செலக்டர். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் எண்ணத்தாலேயே இவ்வளவு தொலைவு வந்துவிடலாம்.

அடுத்ததாக, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவர்ச் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. வயரிங் செய்தவர் இணைப்பை மாற்றியிருந்தால், சுவிட்ச் நின்ற பிறகும் ஓவனுக்குள் 230 வோல்ட் காத்திருக்கும். ஓவன் ஆறிய பின், டைமரைத் திருப்பி, வெப்பநிலையைக் கூட்டி, செலக்டரை ‘இரண்டும்’ என்னும் நிலையில் வைத்து, பிளக்கின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். மின்னழுத்தத்தின் இருமடியைத் திறனால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். 1500 வாட்டுக்கு ஏறத்தாழ 35 ஓம்; 750 வாட்டுக்கு ஏறத்தாழ 70 ஓம். மல்டிமீட்டர் 35 காட்டினால் இரு கம்பிகளும் இணைந்துள்ளன. 70 காட்டினால் ஒன்று விடுபட்டுள்ளது. 1827இல் கியார்க் ஓம் வெளியிட்ட விதி, தேர்வுத்தாளை விட்டு வெளியேறி இங்கே வேலை செய்கிறது.

இந்த ஓவனில் 70 வந்தது எனக் கொள்வோம். பின்மூடியைத் திறந்து, கீழ்க்கம்பியின் ஒரு முனையிலுள்ள இணைப்பைக் கழற்றிவிட்டு, கம்பியை மட்டும் அளந்தால் அதுவும் 70 ஓம் காட்டுகிறது. ஆகவே கம்பி நலமாக உள்ளது, குற்றம் செலக்டரிடம். அதன் கீழ்க்கம்பிக்குரிய முனைகளை, வயர்களை நீக்கி அளந்தால், சுழியத்தை ஒட்டிக் காட்ட வேண்டிய மல்டிமீட்டர் இணைப்பே இல்லை என்று காட்டுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மல்டிமீட்டர் செலுத்துவது மிகச் சிறிய மின்னோட்டம். பாதி கருகிய தொடுமுனையும் அதற்கு வழிவிட்டு, ‘நலம்’ என்று பொய் சொல்லக்கூடும். ஆதலால் கண்ணுக்கும் மூக்கிற்கும் வேலை உண்டு. முனை கறுத்திருக்கிறதா, நெகிழி உருகியிருக்கிறதா, செருகிய இணைப்பு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏன் கருகியது?

சுவிட்ச் கெட்டது என்று கண்டதோடு தேடல் முடிந்துவிடவில்லை. நோய், அதன் முதற்காரணம், தணிக்கும் வழி என்று ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் வைத்த வரிசை மின்பழுதுக்கும் பொருந்தும். செலக்டரின் முனையில் செருகிய இணைப்பு தளர்ந்து, அங்கே ஒரே ஓர் ஓம் மின்தடை தோன்றிவிட்டதாகக் கொள்வோம். இரு கம்பிகளுக்கும் சேர்த்து அம்முனை வழியே ஏறத்தாழ 6.3 ஆம்பியர் பாயும். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால், அப்புள்ளியில் மட்டும் 40 வாட் வெப்பம் பிறக்கிறது. ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதனினும் கடுமையான சூட்டுக்கோல் ஒன்றை நெகிழிக் கூட்டுக்குள் மணிக்கணக்கில் வைத்திருப்பதற்கு நிகரானது இது. சூட்டினால் முனை மேலும் தளரும். தளர்ந்தால் மின்தடை கூடும். கூடினால் சூடும் கூடும். தளர்ந்த இணைப்பை அப்படியே விட்டுப் புதிய சுவிட்சை மட்டும் பொருத்துபவர், சில மாதங்களில் அதே பழுதை மீண்டும் காண்பார்.

சுவிட்சை மெதுவாகத் திருப்புவதும் கேடுதான். தொடுமுனைகள் பிரியும் நொடியில் இடையே தீப்பொறி எழுகிறது. இத்தொல்லையைத் தீர்க்கவே 1884இல் இங்கிலாந்தின் நியூகாசலில் ஜான் ஹோம்ஸ், விரல் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் முனைகள் சட்டெனப் பிரியும் சுவிட்சை உருவாக்கினார். இன்று வீடுகளில் கேட்கும் ‘டக்’ என்னும் ஒலி அவ்வழி வந்தது.

மாற்றும் முறை

வயர்களைக் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நன்று. நினைவை நம்பியவர்கள் எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று தெரியாமல் இரவெல்லாம் விழித்ததுண்டு. புதிய சுவிட்ச் வடிவத்தில் ஒத்திருந்தால் போதாது. பழையதன் மேல் பொறித்துள்ள ஆம்பியர், வோல்ட் அளவுகளையும், ‘டி’ என்னும் எழுத்தை ஒட்டி வரும் 125, 150 போன்ற எண்ணையும் ஒப்பிட வேண்டும். அவ்வெண், எத்தனை பாகை செல்சியஸ் சூடு வரை அச்சுவிட்ச் தாங்கும் என்பதைக் குறிப்பது. குளிர்ந்த இடத்துக்கென ஆன சுவிட்ச், ஓவனின் பக்கச்சுவரில் நெடுநாள் வாழாது. வீட்டு வயரிங்கில் எஞ்சிய சாதாரண பி.வி.சி. வயரும் இங்கு ஆகாது. அதன் உறை 70 பாகைக்கு உரியது. ஈயப்பற்றும் வேண்டாம், அது 183 பாகையிலேயே உருகிவிடும். சூடு தாங்கும் வயரும் இறுகப் பிடிக்கும் புதிய செருகுமுனையுமே தக்கவை.

கெட்டது தெர்மோஸ்டாட்டாக இருந்து, மாற்று கிடைக்காதபோது, இரு வயர்களையும் முறுக்கி ‘டைரக்ட்’ கொடுத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது பழுது நீக்கல் அன்று. சூட்டுக்கு எல்லை இல்லாத ஒரு பெட்டியை வீட்டுக்குள் வைப்பது. மூடியைப் பூட்டிய பின், பிளக்கின் இரு முனைகளுக்கும் புவி இணைப்பு முனைக்கும் இடையே மின்தொடர்பு இல்லை என்று அளந்து உறுதி செய்தபிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் மாணவர் தனியே செய்ய முற்படலாகாது; பயிற்சி பெற்றவரின் அருகிருந்து பார்த்தல் வேண்டும். மைக்ரோவேவ் ஓவனோ வேறு இனம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கியில் உயிர்குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். அதை வீட்டில் எவரும் திறத்தல் கூடாது.

எஞ்சும் சிக்கல் உதிரிப் பாகம். பழுதைச் சரியாகக் கண்டாலும், பொருத்துவதற்கு உரிய சுவிட்ச் கிடைக்காவிட்டால் ஓவன் குப்பைக்கே போகும். இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022இல் ‘பழுதுநீக்கும் உரிமை’ குறித்து ஆராயக் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கும் அதன் கவனத்துக்கு வந்தன. ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுது நீக்கலாம் என்பதை வாங்குபவருக்கு உணர்த்தும் குறியீட்டு எண் பற்றி மற்றொரு குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இலேயே இதற்கெனச் சட்டநெறி இயற்றிவிட்டது. ஒரகடத்துப் பழுதுநீக்குபவரோ இப்போதைக்குக் கழற்றிய பழைய செலக்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறிக் காட்டிக் கேட்கிறார்.