பரணில் கிடந்த கருவி தோளுக்கு வந்த கதை

'மாடு மூணு நாளா தீவனம் எடுக்கல. அசை போடல. படுத்து எழும்போது முனகுது. என்ன காரணம்?' என்று போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கம்பி, ஆணி ஏதாவது முழுங்கியிருக்கலாம், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று பதிலும் வந்திருந்தது. படித்ததும் எங்கள் மயிலை ஞாபகம் வந்துவிட்டது. அந்த வாசகருக்குச் சொல்ல என்னிடமும் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். நாலு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்பது மாடு, ஆடு மேய்வதற்கென்றே விட்டிருக்கிற நிலம். கீழே கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. அப்பா காலத்தில் அந்தக் காட்டுக்குள் இரும்பு என்று போனது மாட்டின் லாடம் மட்டும்தான்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் கிழக்குப் பக்கம் கிளுவை பட்டுப்போனது. கல்கால் நட்டு முள்கம்பி இழுத்தோம். அதே வருஷம் காட்டு ஓரத்தில் வீடும் கட்டினோம். வேலை செய்தவர்கள் வெட்டிப் போட்ட முள்கம்பித் துண்டு, கட்டுக்கம்பி, சென்ட்ரிங் ஆணி எல்லாம் அங்கங்கே கிடந்தன. கண்ணில் பட்டதைப் பொறுக்கினோம். மீதியைப் புல் மூடிவிட்டது.

மயிலை அப்போது ஏழு மாசச் சினை. ஒருநாள் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. முதுகைக் கூனிக்கொண்டு, முன்னங்கால் முட்டியை வெளியே அகட்டி வைத்து நின்றது. வெறும் அஜீரணம் என்று நினைத்து நாட்டு மருந்து கொடுத்து ஆறு நாளை ஓட்டிவிட்டேன். நெஞ்சுக்குக் கீழே வீங்கிய பிறகுதான் மருத்துவரைக் கூப்பிட்டேன். 'முன்னாடியே கூப்பிட்டிருந்தா வயித்தைத் திறந்து எடுக்கப் பார்த்திருக்கலாமுங்க' என்றார். இரண்டாம் நாள் மயிலை போய்விட்டது.

அறுத்துப் பார்த்தபோது மூணு இன்ச் கட்டுக்கம்பி. மாட்டுக்கு நாலு வயிறு. அதில் தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கிற இரண்டாவது வயிற்றில்தான் இரும்பு போய்த் தங்குமாம். அதற்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருப்பது ஒரு சவ்வுதான். சினை பெருக்கப் பெருக்க வயிற்றை முன்னால் தள்ளும், கம்பி சவ்வைக் குத்திக்கொண்டு நெஞ்சுக்குப் போய்விடும் என்று மருத்துவர் விளக்கினார். மாடு புல்லை நாக்கால் சுருட்டி அப்படியே முழுங்குகிற ஜீவன். ஆடு மாதிரி பொறுக்கித் தின்னத் தெரியாது. நாம் தீவனத்தை மெஷினில் போட்டு நறுக்கும்போது, உள்ளே கிடக்கும் நீளக் கம்பியும் மாடு முழுங்குகிற அளவுக்குத் துண்டாகிவிடுகிறது. மயிலைக்கு அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அந்தக் கம்பியை நான் வீசவில்லை. தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன்தான் யோசனை சொன்னான். 'மாமா, எங்க கம்பெனியில துணிக்குள்ள உடைஞ்ச ஊசி கிடக்குதான்னு மெஷின் வச்சுப் பாக்கறோம். காட்டுக்கும் அப்படி ஒண்ணு வாங்குங்க' என்றான். அவனே ஒரு பழைய மெட்டல் டிடெக்டரை 4,500 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தான். நீளமான கம்பு, கம்பின் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவு ஒரு வட்டத் தட்டு, மேலே பேட்டரிப் பெட்டி, கைப்பிடி, முழங்கைக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டில். தட்டை மண்ணை ஒட்டி இடம் வலமாக வீசிக்கொண்டே நடந்தால், உலோகம் இருக்கிற இடத்தில் சத்தம் கொடுக்கும்.

இரண்டு நாள் வீசினேன். மூன்றாம் நாள் சோறு அள்ளக் கை வரவில்லை. மணிக்கட்டில் ஆரம்பித்து தோள்பட்டை வரை வலி. தராசில் வைத்தால் ஒன்றேகால் கிலோதான். ஆனால் மம்பட்டியைக் காம்பு நுனியில் ஒரு கையால் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். இலைக்குப் பக்கத்தில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். வித்தியாசம் புரியும். பாரம் நுனியில் தொங்கினால் ஒன்றேகால் கிலோ அஞ்சு கிலோவாகக் கனக்கிறது. கருவியைத் துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டுவிட்டேன்.

நாலு மாசம் கழித்து ஒரு சாயங்காலம், தீவனம் அறுத்துக்கொண்டு வந்த என் வீட்டுக்காரி கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு கம்பித் துண்டு. 'ஏனுங்க, இது செவலைக்குப் போட்ட புல்லுல இருந்துச்சுங்க. அந்த மெஷினை எடுங்க. நீங்க வீச மாட்டீங்கன்னா நான் வீசறேன்' என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். அவளால் பத்து நிமிஷம்கூட முடியவில்லை. நான் அஞ்சரை அடிக்கு மேலே, அவள் அஞ்சடிக்குள். கம்பை எவ்வளவு குறுக்கினாலும் தட்டு தூரத்தில் போய் நின்றது. ஏற்கெனவே தீவனம் அறுத்து நறுக்கி அவளுக்குத் தோள் வலி. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. காட்டில் தினமும் குனிந்து புல் அறுப்பது அவள். கருவியோ யாரோ ஒரு நெட்டையான ஆம்பளைக்கு அளவெடுத்துச் செய்தது. மாற்ற வேண்டியது கருவியைத்தான்.

கம்பைக் குறுக்கினோம்

நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, முழங்கையை லேசாக மடக்கினால் தட்டு தரைக்கு இரண்டு விரற்கடை மேலே, சாயாமல் நிற்க வேண்டும். அதுதான் சரியான நீளம். கீழ்க் கம்பை எடுத்துவிட்டு, அதே கனத்தில் பிவிசி பைப் வெட்டி, அவள் உயரத்துக்குத் துளை போட்டு மாட்டினோம். தட்டுக்குப் பக்கத்தில் இரும்பு பைப் ஆகவே ஆகாது.

இதில் ஒரு கூத்து நடந்தது. தட்டைக் கம்போடு சேர்க்கும் பிளாஸ்டிக் போல்ட் உடைந்துவிட்டது. நான் பாட்டுக்கு இரும்பு போல்ட்டை முடுக்கிவிட்டேன். போகிற இடமெல்லாம் சத்தம். கிழக்கு மூலை பூராவும் கம்பிதான் என்று ஒரு மணி நேரம் தோண்டினோம். 'மெஷின் தன்னைத் தானே பார்த்துக் கத்துதுங்க' என்று கண்டுபிடித்தவள் அவள்தான். பிறகு ஹார்டுவேர் கடையில் வெஸ்டர்ன் டாய்லெட் மூடிக்குப் போடுகிற பிளாஸ்டிக் போல்ட் வாங்கி மாட்டினேன். இன்றைக்கு வரை அதுதான் ஓடுகிறது.

பின்பாரம் வைத்தோம்

சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி, மணல் நிரப்பி, இரண்டு முனையும் கட்டி, முழங்கைக்குப் பின்னால் கம்பின் வாலில் கட்டினேன். முதலில் அரைக் கிலோ. மணிக்கட்டு வலி அன்றே குறைந்தது. ஆனால் மொத்த எடை கூடியதால் தோள் கனத்தது. மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, கால் கிலோவில் நிறுத்தினோம்.

தோளில் தொங்கவிட்டோம்

பெரிய மாற்றம் இதுதான். பழுதான முதுகு ஸ்பிரேயரின் தோள்பட்டை இரண்டையும் கழற்றி, அவள் தோளுக்கு மாட்டிவிட்டேன். அதிலிருந்து ஒரு சைக்கிள் டியூப் துண்டு, அதன் முனையில் நைலான் கயிற்று வளையம். கருவியைக் கையில் தொங்கவிட்டு, எந்த இடத்தில் பிடித்தால் சாயாமல் நிற்கிறதோ அந்த இடத்தில் வளையத்தை மாட்ட வேண்டும். இப்போது பாரம் முழுக்கத் தோளும் முதுகும் தாங்குகின்றன. கை வழிகாட்டினால் போதும். டியூப் இழுவையாக இருப்பதால் மேடு பள்ளத்துக்குத் தட்டு தானாக ஏறி இறங்குகிறது.

சில்லறை வேலைகள்

முழங்கைத் தொட்டில் வெட்டியது. தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டி உள்ளே ஒட்டி, மேலே பழைய வேட்டித் துணி தைத்தோம். பேத்தியின் கிழிந்த பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒட்டுப் பட்டை எடுத்துக் கட்டினோம். கைப்பிடிக்கு முதலில் டியூப் சுற்றினேன். வேர்வையில் வழுக்கியது. அதை எடுத்துவிட்டுப் பருத்திக் கயிறு சுற்றினேன். பிடி நின்றது. இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டச் சொன்னேன். புல்லுக்குள் பாம்பு சரசரத்தால் இன்னொரு காது கேட்க வேண்டுமே.

தட்டு காலுக்குக் கிட்டே வரும்போதெல்லாம் சத்தம் வந்தது. பார்த்தால் கொலுசும் மெட்டியும். கொலுசைக் கழற்றி வைத்தாள். 'மெட்டியைக் கழட்ட மாட்டேனுங்க' என்று சொல்லிவிட்டாள். தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வீசப் பழகிக்கொண்டாள். அரிவாளும் கொத்தும் இடுப்பில் செருகினாலும் இதே தொல்லைதான். பின்னால் வருகிற நான் தூக்கிக்கொள்கிறேன்.

கயிறு பிடித்து நாலடிக்கு நாலடி பாத்தி பிரித்து, அரைமணி வீச்சு, கால்மணி ஓய்வு. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேலை சுலபம், தோண்டவும் சுலபம். வேலியை ஒட்டி மூணு அடிக்குள் போனால் முள்கம்பிக்கே கத்தும். அங்கே கண்ணும் கையும்தான். வீட்டைச் சுற்றியும், வேலி ஓரம் இருபது அடி அகலமும் பார்த்து முடிக்க ஒன்றரை மாசம் ஆனது.

இந்தக் கருவியை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாணயம், நகை தேடுகிறவர்களுக்காக இரும்பை ஒதுக்கிவிடுகிற திருகு ஒன்று சில கருவிகளில் இருக்கும். நமக்கு வேண்டியதே இரும்புதான். அதை எல்லா உலோகத்துக்கும் சத்தம் கொடுக்கிற மாதிரி வைக்க வேண்டும். எங்கள் செம்மண் சரளைக்கு உணர்வைக் கூட்டி வைத்தால் சும்மாவே கத்தும். கொஞ்சம் குறைத்து வைத்தால்தான் காரியம் ஆகும்.

நாங்கள் தோண்டுவதைப் பார்த்து ஊரில் புதையல் பேச்சு கிளம்பிவிட்டது. கிராம நிர்வாக அலுவலரே வந்து சிரித்துக்கொண்டே விசாரித்தார். அவர் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் புதைந்து கிடந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும். சொந்தக் காடாக இருந்தாலும் அப்படித்தான். 'கெடச்சா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவோமுங்க' என்றாள் என் வீட்டுக்காரி.

கிடைத்தது என்ன? கட்டுக்கம்பி, முள்கம்பி முனை, ஆணி, பாட்டில் மூடி. பழைய இரும்புக் கடையில் நிறுத்தால் மூணே கால் கிலோ. ஒன்றை மட்டும் கடைக்குப் போடவில்லை. வெள்வேல மரத்தடியில் கிடைத்த பாதி லாடம். அப்பா வைத்திருந்த எருதுகளில் ஒன்றின் கால் லாடமாகத்தான் இருக்கும். சாமி மாடத்தில் வைத்திருக்கிறோம்.

டிடெக்டர் வாங்க முடியாதவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தம் நாலைந்தைப் பலகையில் கட்டி இழுத்தால் மேலாகக் கிடக்கிற இரும்பு ஒட்டிக்கொள்ளும். தீவன மெஷினின் வாயிலும் ஒரு காந்தம் வையுங்கள். மாட்டின் வயிற்றுக்குள் காந்தம் விடுகிற முறையும் உண்டு. அது உள்ளேயே தங்கி இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். ஆனால் செம்பு, அலுமினியக் கம்பி காந்தத்துக்கு ஒட்டாது. எல்லாவற்றுக்கும் மேலே, வேலி வேலையோ வீட்டு வேலையோ நடந்தால், வெட்டுகிற கம்பித் துண்டைப் போட ஒரு தகர டப்பாவை வேலைக்காரர்கள் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். நாங்கள் அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

செவலை இந்தத் தையில் கிடாரிக் கன்று போட்டது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண் கரைந்து ஒன்றிரண்டு துண்டு மேலே வரத்தான் செய்கிறது. அதனால் கருவி இப்போது பரணில் இல்லை, தொழுவத்துச் சுவரில் தொங்குகிறது. வீசப் போகும் முன் அவள் தீப்பெட்டியைத் திறந்து, மயிலை வயிற்றிலிருந்து எடுத்த கம்பியை மண்ணில் போட்டு, மேலே ஒரு பிடி மண்ணைத் தூவி, தட்டைக் காட்டிப் பார்ப்பாள். அதற்குச் சத்தம் வந்தால்தான் காட்டுக்குள் இறங்குவாள்.