வாப்பாவின் மோட்டார் சைக்கிள்

வளர்ந்த ஆண்பிள்ளை உள்ள வீடுகளில் மோட்டார் சைக்கிள் ஒரு தீராத வழக்கு. பிள்ளை கேட்பான், உம்மா பயப்படுவாள், வாப்பா இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவார். எங்கள் வீட்டுக்கு அந்த வழக்கு 2024இல் வந்தது. ஆனால் அது போய் முடிந்த இடம் நான் நினைத்த இடமல்ல. ஊரார் மௌலவி என்று மதிக்கும் நான், பதினாறு வருடங்களாகக் கவனியாமல் விட்ட ஒரு கடமையில் போய் முடிந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சகோதரிகள் சிலருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த நேரம். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் மெதுவாகத் தொடங்கினான்.

"வாப்பா, அப்பாவின்ர மோட்டார் சைக்கிளை ஸ்கிராம்ளராக மாத்தட்டா?"

எங்கள் வழக்கில் அப்பா என்றால் பாட்டனார். அவன் கேட்டது என் வாப்பாவின் பழைய ஹொண்டா சி.ஜி. 125 வண்டியை. ஸ்கிராம்ளர் என்றால் என்னவென்று அவனே விளக்கினான். தார் றோட்டில் ஓடுகிற வண்டியையே மணலிலும் மேடு பள்ளத்திலும் ஓடத் தக்கதாக மாற்றுவதுதான். 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லி என்ற ஊரில், காடு மேடெல்லாம் விழுந்தெழும்பி ஓடிய ஒரு பந்தயத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்களாம். 1962இல் ஹொண்டா கம்பனியே தன்னுடைய தெரு வண்டி ஒன்றின் புகைக் குழாயை மேலே தூக்கி, ஹாண்டிலை அகலமாக்கி, ஸ்கிராம்ளர் என்று பெயரிட்டு விற்றதாம்.

"கம்பனி செய்ததை நாங்க வீட்டில செய்யலாம். பிறகு கூட்டாளிமாரோட மணற்காட்டு மணல் மேட்டுக்குப் போய் வருவேன்" என்றான்.

மணல் மேடு என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கோ வேறு கோபம்.

"அது வாப்பாவின் ஞாபகம். அதை வெட்டிக் கொத்த விடமாட்டேன்" என்று சத்தம் போட்டேன்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

வாப்பா சுன்னாகத்தில் சிறிய தையல் கடை வைத்திருந்தார். சோனகதெருவிலிருந்து தினமும் அந்த வண்டியில்தான் போய்வருவார். 1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் அதில் ஏதோ பழுது. கடைக்குப் பக்கத்து ஊரான உடுவிலில், வீட்டு முற்றத்திலேயே மெக்கானிக் வேலை செய்யும் ஒருவரிடம் திருத்த விட்டிருந்தார். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ எடுக்கலாம் என்றிருந்தார்.

ஒக்டோபர் 30ஆம் திகதி காலையில் விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஜின்னா மைதானத்துக்கு வரச் செய்தார்கள். இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டுப் போகும்படி உத்தரவு. வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டு, உடுத்த உடுப்போடு வெளியேறினோம். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் முஸ்லிம்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். நாங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் குடியேறினோம். நான் அங்கேதான் அரபுக் கல்லூரியில் ஓதி மௌலவியானேன்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்ததும், வாப்பாவும் நானும் ஊரைப் பார்க்க வந்தோம். நான் இடிந்து கிடந்த எங்கள் வீட்டைப் பார்க்கப் போன நேரத்தில் வாப்பா உடுவிலுக்குப் போயிருக்கிறார். பன்னிரண்டு வருடம் கழித்தும் வண்டி அந்த முற்றத்தில் நின்றிருக்கிறது. பதிவுப் புத்தகம்கூட சீற்றுக்கு அடியில் பொலித்தீன் பையில் பத்திரமாக இருந்திருக்கிறது. "குடும்பமாகத் திரும்பி வரும்வரை இங்கேயே நிற்கட்டும்" என்று வாப்பா சொல்லிவிட்டு வந்தார். 2006இல் பாதை மறுபடி மூடப்பட்டது. 2008இல் வாப்பா புத்தளத்தில் மௌத்தானார். யுத்தம் முடிந்து 2010இல் நான் குடும்பத்தோடு திரும்பி வந்தபோது, அந்த உடுவில் மனிதர் வண்டியைத் துடைத்து, பெற்றோல் ஊற்றி, என் கையில் சாவியைத் தந்தார். ஒரு சதம் வாங்கவில்லை.

இப்படிப்பட்ட வண்டியை எப்படி வெட்ட விடுவது? மகனுக்கு என் பேச்சு ஏறாததால், அந்த மெக்கானிக் ஐயாவைக் கொண்டே அவனுக்குப் புத்தி சொல்ல வைக்கலாம் என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பாவும் மகனுமாக அந்த வண்டியிலேயே புறப்பட்டோம். காங்கேசன்துறை வீதியால் போய், மருதனார்மடம் தாண்டி, செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் அவருடைய வீடு. ஐயாவுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். மாமரத்தடியில் கதிரை போட்டு எங்களை இருத்தி, தேத்தண்ணி வந்த பிறகு நான் முறைப்பாட்டைச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார்.

"தம்பி மௌலவி, இந்த வண்டியை நான் முதலே மாத்திப்போட்டன். அது உங்கட வாப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்."

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார்.

1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. கரண்டும் இல்லை. ஒரு போத்தல் பெற்றோல் தங்கம் மாதிரி. மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலேசில் ஆவியாகாது. அதனால் சிறிய போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியை காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் பெற்றோல் அளவுக்கு அது அமுக்கத்தைத் தாங்காது, எஞ்சின் தட்டும். அந்த அமுக்கத்தைக் குறைக்க, சிலிண்டருக்கு அடியில் மேலதிகமாக ஒரு கேஸ்கற் வைத்து அதைச் சற்று உயர்த்துவார்கள். பிளக்கில் கரி பிடிக்கும், அடிக்கடி கழற்றிச் சுரண்ட வேண்டும். பின்னால் வெள்ளைப் புகை தெரு முழுக்க நிற்கும்.

"நிப்பாட்டி வைச்சால் துருப்பிடிச்சுப் போகும் எண்டுதான் இடைக்கிடை ஓடினனான். ஆனால் கேக்காமல் எஞ்சினில கை வைச்சது பிழைதானே. அது மனதில கிடந்தது" என்றார்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு நான் தலை குனிந்தேன்.

1995 ஒக்டோபர் 30. எங்களை வெளியேற்றி சரியாக ஐந்து வருடம். அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இராணுவம் முன்னேற, இலட்சக்கணக்கான சனம் மழையில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. உடுவிலும் வெறுமையாகியது. ஐயா தன்னுடைய ஆயுதப் பெட்டியையும் மனைவியின் தையல் மெஷினையும் வீட்டில் விட்டுவிட்டு, நடக்க முடியாத தாயை இந்த மோட்டார் சைக்கிளில் இருத்தி, இரவிரவாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். சன நெரிசலில் ஓட முடியாது, ஒவ்வொரு அடியாகத் தள்ளத்தான் முடியும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக் கூரை இல்லை, ஆயுதப் பெட்டி இல்லை, தையல் மெஷின் இல்லை. மோட்டார் சைக்கிள் மட்டும் இருந்தது.

"ஏன் ஐயா, உங்கட சாமானை விட்டுட்டு இதைக் கொண்டு போனீங்கள்?" என்று மகன் கேட்டான்.

"அம்மாவைக் கொண்டு போக ஏதும் வேணும்தானே. அதோட எங்கட சாமான் துலைஞ்சால் நாங்க அழுதிட்டுப் போகலாம். இது இன்னொராளின்ர சாமான். அவர் வந்து கேட்டால் என்ன சொல்லுறது?"

2002இல் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாராம். வாப்பா அவருடைய கையைப் பிடித்து, "உன் தாயைச் சுமந்த வண்டி, தம்பி. எனக்கு அது போதும்" என்றாராம். அந்தக் கேஸ்கற்றைக் கழற்றி எஞ்சினைப் பழையபடி ஆக்கிய பிறகுதான் 2010இல் எனக்குத் தந்திருக்கிறார்.

அமானிதத்தைப் பற்றி நான் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் பயான் செய்திருக்கிறேன். அதைக் காப்பாற்றிய ஒரு மனிதர் என் முன்னால் எண்ணெய்க் கறையோடு உட்கார்ந்திருந்தார்.

வந்த விஷயத்துக்கு அவரே திரும்பினார்.

"மாத்திறது பெரிய வேலையில்லை. முதல் சொல்லுங்கோ, புத்தகம் இப்ப ஆற்ற பேரில கிடக்கு?"

"வாப்பாவின் பெயரில்தான்."

"அவருக்குப் பிறகு உங்களுக்கு மட்டுமோ? ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும் இருக்கினம் எண்டு சொன்னவர். அவையளிட்டக் கேட்டனீங்களோ?"

நான் வாயடைத்துப் போனேன்.

சகோதரிகளே, நான் பாடசாலையில் மாணவர்களுக்கு வாரிசுரிமைப் பாடம் நடத்துகிறவன். மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறவன். வீட்டுக் காணியை எழுத்து மூலம் ஒழுங்காகப் பிரித்துமிருந்தோம். ஆனால் மோட்டார் சைக்கிளை நான் சொத்தாகவே எண்ணவில்லை. அதை வாப்பாவின் ஞாபகம் என்றேன். ஞாபகம் என்று சொல்லிச் சொல்லியே ராத்தாவின் பங்கிலும் தங்கச்சியின் பங்கிலும் பதினான்கு வருடம் சவாரி செய்திருக்கிறேன். வண்டியை வெட்ட விடமாட்டேன் என்று மகனுக்குச் சத்தம் போட்ட எனக்கு, அது முழுவதும் என்னுடையதல்ல என்பது தோன்றவில்லை.

அன்றிரவே புத்தளத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். உம்மா, "அதுக்கென்ன மகன்" என்றார். தங்கச்சி சிரித்தாள். ராத்தா மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"இவ்வளவு காலமும் ஏன் தம்பி கேக்கல்ல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாப்புக் கேட்டேன்.

இரண்டு வியாபாரிகளிடம் விலை கேட்டோம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளுக்கும் நல்ல விலை. 160,000 ரூபா என்று முடிவாயிற்று. அதை 32 பங்காக்கினால் ஒரு பங்கு 5,000. உம்மாவுக்கு 4 பங்கு, 20,000. சகோதரிகளுக்கு ஆளுக்கு 7 பங்கு, 35,000 வீதம். எனக்கு 14 பங்கு, 70,000. அவர்கள் மூவருக்குமான 90,000 ரூபாவை மூன்று மாதத்தில் கொடுத்து முடித்தேன். இத்தனை வருடம் பாவித்ததற்கும் அவர்களிடம் ஹலால் கேட்டுக்கொண்டேன். எல்லோரும் ஒப்பமிட்டுத் தர, உரிமையையும் என் பெயருக்கு மாற்றினேன். அதன் பிறகுதான் மகனைப் பார்த்து "இனி மாற்று" என்றேன்.

என் மனைவி விடுவாளா? அவள் மூன்று நிபந்தனை போட்டாள். முதலாவது, பின் சில்லுப் பக்கத்துச் சேலைக் கம்பியையும் சங்கிலி மூடியையும் கழற்றக் கூடாது. சி.ஜி. வண்டிக்குச் சங்கிலியை முழுக்க மூடிய கவசம் உண்டு. அழகில்லை என்று பையன்கள் முதலில் கழற்றுவது அதைத்தான். அபாயாவின் ஓரமோ முந்தானையோ சங்கிலியிலும் சில்லுக் கம்பியிலும் சுற்றிப் பெண்கள் விழுவது அதனால்தான். இரண்டாவது, மேலே தூக்கும் புகைக் குழாய்க்குச் சூடு தடுக்கும் தகடு போட வேண்டும். வலது பக்கம் காலுக்கு நேரே வருவதால், பின்னால் கால் விரித்து உட்காரும் சிறு பிள்ளையின் கெண்டைக் காலைச் சுட்டுவிடும். மூன்றாவது, மணல் மேட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது, ஹெல்மெட் இல்லாமல் போகவே கூடாது.

உடுவில் ஐயாவும் தன் பங்குக்குச் சொன்னார். சட்டகத்தை வெட்டவோ ஒட்டவோ கூடாது, இலக்கம் அதில்தான் பொறித்திருக்கிறது. எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பின் ஷொக்கை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் முன்பக்கம் தாழ்ந்து ஹாண்டில் நிலை கொள்ளாது. எல்லாவற்றுக்கும் முதல் பிரேக்கைப் புதிதாக்க வேண்டும்.

மகன் ஆறு கிழமை அந்த முற்றத்தில் வேலை செய்தான். அகலமான ஹாண்டில், முரட்டுப் பற்கள் வைத்த டயர், உயர்ந்த மட்காட், தட்டையான சீற் எல்லாம் வந்தன. பின் பற்சக்கரத்தைப் பற்கள் கூடியதாக மாற்றினார்கள். அப்படிச் செய்தால் மணலில் நன்றாக இழுக்கும், ஆனால் றோட்டில் வேகம் குறைந்துவிடும். "வேகம் குறையுமா? அல்ஹம்துலில்லாஹ், அதையே முதலில் செய்யுங்க" என்றாள் என் மனைவி.

வேலை முடிந்த அன்று மகன் அவளைத்தான் முதலில் ஏற்றிக்கொண்டு வந்தான். அபாயாவை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்து வந்து இறங்கினாள். வண்டி பார்க்கப் புதியது போல இருந்தது. தாங்கியும் சட்டகமும் எஞ்சினும் வாப்பா விட்டுப்போனவைதான்.

சகோதரிகளே, பிள்ளைகள் வண்டியை மாற்றக் கேட்டால் ஒரேயடியாக மறுக்க வேண்டாம். என்ன கழற்றப் போகிறாய் என்று கேளுங்கள். கழற்றக் கூடாததைச் சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று. உங்கள் வீட்டில் மௌத்தானவரின் பொருள்கள் என்னென்ன இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். சைக்கிள், தையல் மெஷின், கைக்கடிகாரம், ஒரு சோடித் தோடு. சிறியது, ஞாபகம் என்று சொல்லி ஒருவரே வைத்திருக்கிறோமா? மற்ற வாரிசுகளிடம், முக்கியமாகக் கட்டிக் கொடுத்த பெண்பிள்ளைகளிடம், கேட்டோமா? கேட்டால் பெரும்பாலும் "அதுக்கென்ன" என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் கேட்க வேண்டும். உங்கள் பங்கை யாரும் கேட்காமல் வைத்திருந்தால், என் ராத்தா கேட்டது போல நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உடுவில் ஐயாவுக்கு அல்லாஹ் நல்ல சுகத்தைக் கொடுப்பானாக. எங்கள் பொருளை இருபது வருடம் காத்துத் தந்தவர், நான் மறந்திருந்த என் சகோதரிகளின் பங்கையும் நினைவுபடுத்தித் தந்தார்.