தட்டில் சேர்ந்த புதுப் பலகாரம்

மலேசியத் தமிழர் இல்லங்களில் தீபாவளித் தட்டென்றால் முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் முந்தி நிற்கும். அவற்றின் அருகே, இரு வில்லைகளுக்கு நடுவே சாக்லெட் வைத்து ஒட்டிய பிஸ்கட்டும் பல வீடுகளில் இடம்பிடித்துவிட்டது. முதியோர் சிலர் அதனை அந்நியப் பண்டமென்று ஒதுக்குவர். அவர்தம் கூற்றில் பாதி உண்மை உண்டு. இவ்வகையில் பெயர்பெற்ற போர்பன் 1910இல் இலண்டனிலும், ஓரியோ 1912இல் நியூயார்க்கிலும் பிறந்தவை.

மறுபாதி உண்மையோ பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோவின் தென்னந்தோட்டங்களில் கிடக்கிறது. தென்னை நிழலில் கொக்கோ ஊடுபயிராக வளர்ந்த மண் அது. 1980களில் மலேசியா உலகின் முன்னணிக் கொக்கோ விளைச்சல் நாடுகளுள் ஒன்றாக விளங்கியபோது, காய்களை உடைத்து, கொழகொழத்த வெண்சதையோடு விதைகளை வழித்தெடுத்த கைகளுள் தமிழர் கைகளும் இருந்தன. பின்னர் செம்பனை பரவ, கொக்கோ சுருங்கிற்று. பாட்டி உடைத்த காயின் பயனைப் பேத்தி கடையில் விலைகொடுத்து வாங்குகிறாள். அதனை அந்நியமென்பது எங்ஙனம் பொருந்தும்?

வீட்டில் இதனைச் செய்வது அதிரசத்தினும் எளிது. பாகுபதம் பார்க்கும் தொல்லை இல்லை. இளகிய வெண்ணெய் 150 கிராமுடன் பொடித்த சீனி 75 கிராமைக் குழைத்து, வெள்ளைக் கோதுமை மாவு 200 கிராம், சோளமாவு 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். முட்டை வேண்டா, ஆதலின் சைவ உணவினரும் தயங்காமல் எடுப்பர். சோளமாவு கோதுமையின் பசைத்தன்மையைத் தணித்து, வாயிலிட்டதும் வில்லை உதிரச் செய்கிறது. சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்து இம்மாவைக் கெடுப்போரே மிகுதி. ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். சிறு கோலிகளாக உருட்டித் தட்டி, 160 பாகை வெப்பத்தில் 15 நிமிடம் சுட்டால் ஏறத்தாழ 60 வில்லைகள் கிடைக்கும்.

உண்மையான சோதனை நடுவில் வைக்கும் சாக்லெட்டிலேதான். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகையில் உருகுவது. இந்நாட்டு நண்பகலோ அதனை நெருங்கி நிற்பது. குளிர்நாட்டுச் சமையல் நூல்கள் தாராளமாக ஊற்றச் சொல்லும் பாலேடு இங்கே கலவையை வழியச் செய்யும்; விரைவில் கெட்டும் போகும். எனவே கறுப்புச் சாக்லெட் 120 கிராமுக்கு வெண்ணெய் 25 கிராமும் கொக்கோத்தூள் ஒரு மேசைக்கரண்டியும் போதும். கொதித்து இறக்கிய நீர்ச்சட்டியின்மேல் கிண்ணத்தை வைத்து உருக்குவது நன்று. கிண்ணத்தை மூடலாகாது. மூடியில் கோத்த ஆவி ஒரு துளி விழுந்தாலும் சாக்லெட்டிலுள்ள சீனி அதனைப் பற்றிக்கொண்டு திரளும். பளபளத்த குழம்பு மணல்போல் இறுகிவிடும்.

வெறும் வில்லைகள் காற்றுப் புகாத தகரத்தில் ஒரு வாரம் மொறுமொறுப்புக் குன்றாமல் இருக்கும். ஆகவே ஒட்டும் வேலையைப் பண்டிகைக்கு முந்திய இரவுக்கு வைத்துக்கொள்வதே முறை. கலவை ஆறிக் கெட்டிப்படும்போது அரைத் தேக்கரண்டி எடுத்து ஒரு வில்லையில் வைத்து, மற்றொன்றால் மெல்ல அழுத்திக் குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். அழுத்தும் பணி சிறுவர்க்கு உரியது. கை சற்றே கனத்துவிடும். ஓரத்தில் பிதுங்கும் சாக்லெட் மட்டும் தட்டுக்கு வந்து சேர்வதில்லை.